இருபத்தேழாம் பக்கம்

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

ஒட்டடக்குச்சி என்று எல்லோரும் கேலி செய்கிற ஒரு நெட்டைப் பெண் பத்து வயதிலிருந்து இருபது வயது வரை வளர்கிற கதையை ஐந்து நாவல்களாக எழுதியவள் அம்மா. இப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. அந்த ஐந்தையும் தொலைக்காட்சித் தொடராக்க, மகள் திரைக்கதை எழுதுகிறாள். அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் தனக்குப் படித்துக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றின் அடியிலும் தான் கையெழுத்துப் போட வேண்டும், கையெழுத்து இல்லாத பக்கத்தைப் படம் பிடிக்கக் கூடாது. படித்துக் காட்டும் வேலை சித்தியுடையது. அம்மாவின் ஒரே தங்கை. நாவல்களில் 'வாலு' என்று வந்து வாசகர்களைச் சிரிக்க வைத்த அந்தச் சின்னப் பெண் சாட்சாத் இவள்தான்; ஐம்பத்தேழு வயதிலும் அந்தப் பெயர் இவளை விட்டபாடில்லை.

பதினாறு பகுதிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பதினேழாவது திரும்பி வந்தபோது இருபத்தேழாம் பக்கத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. மகள் போன் போட்டுக் கேட்டாள். "விட்டுப்போயிருக்கும்" என்றாள் சித்தி.

பால் கவரில் தேதி பார்க்காமல் அடுப்பு பற்றவைக்காதவள் சித்தி. அவளுக்கு எதுவும் விட்டுப்போனதாக அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

காலை பத்து மணிக்கு ஸ்டூடியோவில் எல்லோரும் அந்த ஒரு பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். பலகைச் சுவர்களுக்கு வர்ணம் அடித்து ஒரு பழைய கூடத்தை எழுப்பியிருந்தார்கள். சுவரில் நீளமான பெண்டுலம் வைத்த கடிகாரம். மாலை ஆறு மணிக்குக் கூடத்தைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் ரயில் நிலையம் போட வேண்டும்.

"ரெண்டு மணிக்குள்ள கையெழுத்து வந்துடணும் மேடம்" என்றார் டைரக்டர். "உங்க அம்மா போட்ட கண்டிஷன். நான் மீற முடியாது. ஆனா சொல்றேன், இந்தத் தொடர்லயே நல்ல சீன் இதுதான். இது நாவல்லயே இல்ல பாருங்க. முழுக்க உங்களோடது."

முழுக்க உங்களோடது. அந்த இரண்டு வார்த்தைக்காக மகள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள் என்பது டைரக்டருக்குத் தெரியாது. எழுத்தாளரின் மகள் என்றுதான் அவளை இதுவரை எல்லா மேஜையிலும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காட்சி பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் மூன்றாம் நாவலைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஒட்டடக்குச்சிக்குப் பதினேழு வயது. வெளியூரில் கட்டடக் கலை படிக்க உதவித்தொகை, அதற்கு நேர்காணல். பதினொன்றரைக்கு ரயில். தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலை உலர்த்திக்கொண்டே பாடத்தை ஒருமுறை ஒப்பித்துப் பார்க்க மாடிக்குப் போகிறாள். பத்தரை ஆனதும் கூப்பிடச் சொல்லி, பத்து வயதுத் தங்கையைக் கீழே கடிகாரத்தின் முன்னால் உட்கார வைக்கிறாள். தங்கை முள் பத்தரையைத் தொட்டதும் கூப்பிடுகிறாள். ஆனால் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கிவிட்டது. ரயில் போய்விடுகிறது, படிப்பும் அதோடு போய்விடுகிறது. கடிகாரம் நடுவில் தானாக நின்று தானாக ஓடியிருக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். 'அன்று எங்கள் கடிகாரம் நின்றதற்கு யாரும் காரணமில்லை' என்று அத்தியாயம் முடிகிறது.

அந்த வரிக்காகவே அந்த நாவலை வாங்கியவர்கள் உண்டு. தேர்வில் தோற்றவர்கள், நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அம்மாவும் அதை மனதார நம்பினாள். நடந்தது எதுவும் கற்பனையில்லை, ரயிலை விட்டவள் அவளேதான். யார்மீதும் கோபப்பட ஆள் இல்லாததால்தான் எழுத உட்கார்ந்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறாள்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு அதெல்லாம் செல்லுபடியாகவில்லை. "தானா எப்படிங்க நிக்கும்?" என்றார் சேனல் மேலாளர். "நம்ம சீரியல்ல ஒரு ஃபேன் நின்னாக்கூடப் பின்னாடி ஒரு மாமியார் இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்காமல் ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தாள். அக்கா ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்று வாலு ஸ்டூலைப் போட்டு ஏறி, பெண்டுலத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றாள். மேலாளர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். அதுதான் இருபத்தேழாம் பக்கம்.

வாலுவாக நடிக்கும் சிறுமி ஸ்டூல் மேல் நின்று பழகிக்கொண்டிருந்தாள். கிளம்பப் போன மகளைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, நான் இதைப் பண்ணதுனால நான் கெட்டவளா?"

"இல்லம்மா. அக்கா மேல ரொம்பப் பாசம். அதான்."

"அப்ப அக்காகிட்ட எப்ப சொல்லுவேன்?"

மகள் அதுவரை யோசித்திருக்கவில்லை. "அதை அப்புறம் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் சித்தி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அம்மா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"சித்தி, இந்தப் பக்கம்."

"மேஜைல வை."

"வைக்க வரல. ரெண்டு மணிக்குக் கையெழுத்தோட திரும்பணும். ஏன் இதை மட்டும் படிக்கல?"

"தூக்கம் வந்துடுச்சு."

"இருபத்தாறு படிச்சிருக்க. இருபத்தெட்டு படிச்சிருக்க. நடுவுல ஒரு பக்கத்துக்கு மட்டும் தூங்குனியா?"

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். மகள் அவளை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். இப்படிப் பயந்து பார்த்ததில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"எதை?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. இதை யாரு சொன்னா உனக்கு? எங்கப்பாவுக்குத் தெரியாது. எங்கம்மா தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் எங்கயும் வாயத் திறந்ததில்ல. தூக்கத்துல ஏதாவது உளர்றேனா?"

"என்ன சித்தி பேசற? இது நானா உட்கார்ந்து யோசிச்சது. யாரும் எதுவும் சொல்லல."

"ஸ்டூல்னு போட்டிருக்க. ஸ்டூல்ல ஏறினா எட்டாது. தையல் மிஷின் மேல ஏறினேன்."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். தான் எழுதியது ஒவ்வொரு வரியாக நிஜமாகிக்கொண்டு வந்தது. டீ ஆறுவதற்குள் யோசித்துப் பாராட்டு வாங்கிய காட்சி. வீட்டுக்குள்ளேயே ஒருத்தி நாற்பத்தேழு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"அவ குளிச்சிட்டு மாடிக்குப் போனா" என்றாள் சித்தி. குரல் தாழ்ந்திருந்தாலும் நிற்காமல் வந்தது. "அப்பா வேலைக்குப் போயாச்சு, அம்மா பக்கத்து வீட்ல. கடிகாரத்தோட கண்ணாடிக் கதவைத் திறந்து பெண்டுலத்தைப் பிடிச்சேன். கை மரத்துப் போச்சு."

"நிறுத்தினா நின்னுடுமே சித்தி. ஏன் பிடிச்சுட்டே நின்ன?"

"எனக்கு அது தெரியாது. விட்டா தானா ஓடிடும்னு பயம். எந்த நிமிஷத்துல வேணும்னாலும் கையெடுத்திருக்கலாம். எடுக்கல."

"ஏன்?"

"அவ போயிட்டா அந்த வீட்ல எனக்கு யாரு இருந்தா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் எழுந்து போய் இறுக்கி மூடினாள். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"முதல் வாரம் பயம். அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆச்சு, நல்லாத்தான இருக்கான்னு நெனச்சேன். அப்புறம் புஸ்தகம் வந்துடுச்சு. புஸ்தகம் வந்த பிறகு எப்படிச் சொல்றது? யாரும் காரணமில்லன்னு ஊரே அந்த வரியப் பிடிச்சுட்டு நிக்குது. அவ முதல் ஆளா நிக்கறா." சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திடு. வேற என்ன வேணும்னாலும் எழுது. நானும் அவளும்தான் இந்த வீட்ல இருக்கோம். உங்கப்பா போனதுலேர்ந்து அவளுக்கு நான், எனக்கு அவ. இந்த வயசுல என்னை எங்க போகச் சொல்ற?"

மகளுக்கு முதலில் வந்தது கோபம்தான் என்பதை மறைப்பானேன். தன் காட்சி போயிற்றே என்ற கோபம். தன் பேர் சொல்ல ஒன்றே ஒன்று எழுதினாள், அதுவும் இப்படியா என்று நொந்துகொண்டாள். அடுத்த நிமிஷம் அதற்காக வெட்கப்பட்டாள். பிறகு டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், ஒரு சின்ன மாற்றம். வாலு நிறுத்தல. பூனை ஒண்ணு தாவி பெண்டுலத்துல மாட்டிக்குது."

டைரக்டர் தலையில் அடித்துக்கொள்வது போனிலேயே கேட்டது.

"மேடம், பூனைக்கு நான் எங்க போவேன்? அது நாப்பது நிமிஷம் பெண்டுலத்துல தொங்குமா?"

"ப்ளீஸ் சார்."

"கையெழுத்தோட எது வந்தாலும் எடுக்கறேன். ரெண்டு மணிக்கு வரலைன்னா சீனே கிடையாது. ரயில் போயிடுச்சுன்னு ஒரு வசனத்துல முடிச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்."

பூனை உருப்படாது என்று மகளுக்கே தெரியும். இருந்தாலும் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் புறத்தில் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதினாள். சித்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் ரேடியோ அணைந்தது.

"என்னடி அங்க குசுகுசுன்னு? பக்கத்தை எடுத்துட்டு வாங்க ரெண்டு பேரும்."

அம்மா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சமும் உருவமும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். காதும் புத்தியும் கூர்மை.

"எந்தப் பக்கம்மா?" என்று மகள் அசடு வழிந்தாள்.

"நேத்து இவ படிக்கறப்ப கதை தாவுச்சு. கூந்தல் காயுது, அடுத்த பக்கம் ஸ்டேஷன்ல நின்னு அழறா. நடுவுல ஒண்ணு இருக்கணுமே. களைச்சுப் போயிட்டா போலன்னு நான் கேக்கல. படி."

மகள் பூனையைப் படித்தாள். முடிந்தவரை உணர்ச்சியோடு படித்தாள். அம்மா பாதியிலேயே கையை நீட்டிப் பக்கத்தை வாங்கிக்கொண்டாள். விரல்களை அதன்மேல் ஓட்டினாள்.

"இது இப்ப பேனால எழுதினது. தடம் கையில படுது. பின்னாடி அச்சடிச்சது இருக்கும், அதைப் படி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"அது வேணாம்மா. வெட்டிட்டேன்."

"வெட்டினதத்தான் கேக்கறேன்."

மகள் சித்தியைப் பார்த்தாள். சித்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மகள் படித்தாள். தலையை நிமிர்த்தாமல், காய்கறி விலை சொல்கிற குரலில், ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

அம்மா மகள் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"யாருடி இவ?"

"வாலும்மா."

"இவ வாலு இல்ல. இப்படி ஒருத்தி எங்க வீட்ல இருந்ததில்ல."

"கதைக்குக் காரணம் வேணும்னு கேட்டாங்கம்மா."

"காரணம் வேணும்னா என்மேல போடு. நான் மாடியில தூங்கிட்டேன்னு எழுது. சோம்பேறின்னு எழுது. போனது என் ரயில்தான, எனக்கொண்ணும் இல்ல. அவமேல போட உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு? அன்னிக்கு வீட்ல எல்லாரையும்விட அதிகமா அழுதவ அவ. மூணு நாள் பச்சத் தண்ணி இறங்கல. ரயில் போனது எனக்கு, ஜுரம் வந்தது அவளுக்கு. அக்காவுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு எந்தக் குழந்தையாவது அப்படி உருகுமா? அவளத் திருடியாக்கி நாலு பேர் பாக்க டிவில போடப் போறியா?"

வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று மகளுக்கே நிச்சயமில்லை.

அம்மா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். குரல் இளகிவிட்டது.

"வாலு, அங்கதான நிக்கற? வா இங்க. இதனாலதான் படிக்காம விட்டியா? என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பக்கத்தை வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் மனசு என்ன பாடுபட்டிருக்கும். என் பொண்ணு பண்ணதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சித்தி திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பாள். கையைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அம்மா கைகூப்பப் போவதைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. ஓடி வந்து அந்த இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கேக்காதக்கா. என்கிட்ட நீ கேக்காத."

"ஏன்டி?"

"அவ எழுதினது நடந்ததுதான்."

மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். மேஜையில் அவள் போன் துடித்தது. டைரக்டர். அவள் எடுக்கவில்லை.

அம்மா தன் கைகளைச் சித்தியின் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டாள். பேச்சு கேள்வியாகத்தான் வந்தது.

"எவ்வளவு நேரம் பிடிச்சுட்டு நின்ன?"

"நாப்பது நிமிஷம்."

"நான் அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"பாடம் ஒப்பிச்சுட்டிருந்த. கீழ கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டேதான் நின்னியா?"

"ஆமாக்கா."

அம்மா தலையை ஆட்டினாள், கணக்கு வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளை விடை புரிந்துகொண்டு ஆட்டுகிற மாதிரி. பிறகு அவளுக்கு வேறொன்று தோன்றிவிட்டது. முகம் சட்டென்று இறுகியதை மகள் பார்த்தாள்.

"மூணாவது புஸ்தகத்தை அச்சுக்கு நீதானடி நகலெடுத்துக் குடுத்த. என் கையெழுத்து யாருக்கும் புரியாதுன்னு."

"ஆமா."

"அந்த வரியையும் நீதான் எழுதின."

"நான்தான்."

"யாரும் காரணமில்லன்னு உன் கையால எழுதி, என்கிட்டயே கொண்டுவந்து நீட்டின. நல்லா இருக்கான்னு நான் கேட்டேன். நீ என்ன சொன்ன?"

சித்தி முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குக்கான்னு சொன்னேன்."

பத்து வயதில் செய்ததை அம்மா மன்னித்திருப்பாளோ என்னவோ. முப்பது வயதில் சொன்ன அந்த 'நல்லா இருக்குக்கா' அவளை எங்கேயோ ஆழமாகத் தைத்துவிட்டது. நாற்காலியின் கையை அவள் விரல்கள் தேடிப் பிடித்தன. எழுதிய ஐந்து புத்தகமும் அந்த ஒரு வரியில்தான் நிற்கின்றன என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்னவள் அவள்.

"நீ வெளிய போ" என்றாள். மகளிடம்தான் சொன்னாள்.

"அம்மா, மணி ஒண்ணே கால். ரெண்டு மணிக்குள்ள அந்தப் பக்கம்..."

"பக்கத்தை வச்சுட்டுப் போ. கதவைச் சாத்து."

மகள் சாத்திவிட்டு நடையில் நின்றாள். ஸ்டூடியோவில் ஒரு சிறுமி கையைத் தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருப்பாள். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பற்றி நினைக்க இப்போது அவளுக்குத் தெம்பில்லை. சித்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வருவாளோ, அம்மா தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்குமோ என்று கதவோரம் காது கொடுத்தாள். வேடிக்கைக்கு ஒரு காரணம் கேட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

"என் பொண்ணு படிச்சு நான் கேட்டாச்சு. இப்ப நீ படி."

தாள் சரசரத்தது. பிறகு சித்தி படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாரமும் படிக்கிற அதே நிதானமான குரலில் தொடங்கி, இரண்டாவது வரியிலேயே தடுமாறி, தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து படித்தாள். அந்தப் பக்கம் மகளுக்கு மனப்பாடம். சிறுமி ஏறுகிறாள். கண்ணாடிக் கதவைத் திறக்கிறாள். பெண்டுலத்தைப் பிடிக்கிறாள். மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்கிறது. கையை எடுக்கிறாள், கடிகாரம் ஓடுகிறது, இறங்குகிறாள். காட்சி முடிவு.

காட்சி முடிவு என்பதையும் சித்தி படித்தாள்.

அதற்குக் கீழே அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. சித்தியின் குரல் நிற்கவில்லை. "அப்புறம் என்ன நடந்துச்சுன்னா அக்கா..."